கறி சுடக் கரி அடுப்பு: வாங்குறதுக்கு முன்னால கேட்க வேண்டிய கேள்விகள்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அரியலூர் மாவட்டத்துலேருந்தும் சகோதரிங்க வந்திருக்காங்க. 2007-ல மாவட்டம் பிரிஞ்சாலும் பொண்ணு குடுக்கிறதும் எடுக்கிறதும் நமக்குள்ளதான்.

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலை, ரெண்டு ஆடு, மானாவாரியில மக்காச்சோளம், இதுதான் என் பொழப்பு. போன வருஷம் எங்க குழு, திருவிழாக் கடைக்குன்னு தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு கரி அடுப்பு செய்ஞ்சு வாங்கிச்சு. கறியைச் சுடவும் செய்யலாம், மூடி போட்டுப் புகையில வேக வைக்கவும் செய்யலாம். அதை எப்படிப் பார்த்து வாங்கினோம்னு மத்த குழுக்களுக்கும் சொல்லணும்னு தலைவி அக்கா கேட்டாங்க. அதனாலதான் இங்க நிக்கிறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். சமையல்கட்டுலேருந்து புகையை விரட்டத்தான் நாம இத்தனை வருஷம் பாடுபட்டோம். நம்ம அம்மாமாருங்க கண்ணெல்லாம் விறகுப் புகையிலதான் கெட்டுச்சு. இப்ப காசு குடுத்துப் புகையை வாங்குறோம். அப்ப அந்தப் புகை நமக்குக் காசு தரணும், கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கக் கூடாது. இந்த ரெண்டையும் மனசுல வச்சுக்கிட்டு மேலே கேளுங்க.

புகை நமக்குப் புதுசு இல்ல

பார்பிக்யூ, ஸ்மோக்கர்னு சொன்னா ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம்னு நெனைக்கிறோம். விதைக்கு எடுத்து வச்ச சோளக்கதிரை நம்ம பாட்டிங்க எங்க கட்டித் தொங்க விட்டாங்க? அடுப்புக்கு மேல, புகை படுற எடத்துல. புகை பட்டா வண்டு அண்டாது, ஈரம் நிக்காது. உப்புக்கண்டம் போட்டா வெயில் இல்லாத நாள்ல அதே அடுப்புக்கு மேலதான் கொடி கட்டுவாங்க. ஆட்டுத்தலையையும் காலையும் அனல்ல வாட்டி, மயிரைச் சுரண்டி எடுத்த பிறகுதானே குழம்பே வைக்கிறோம். அந்த வாட்டின மணம்தான் தலைக்கறிக் குழம்புக்கு ருசி.

அமெரிக்காவுல இதையே போட்டியா வச்சு நடத்துறாங்க. கேன்சஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டின்னு ஒரு சங்கம், 1985-ல தொடங்கினது. அவங்க போட்டிக்குச் சட்டதிட்டம் எல்லாம் எழுதி வச்சிருக்காங்க. கறியை கேஸ்ல வேக வைக்கக் கூடாது, விறகோ கரியோதான். சொன்ன நேரத்துக்குப் பெட்டியில வச்சுக் குடுத்துடணும். நடுவருங்க பார்வை, ருசி, மெதுன்னு இருக்கிறது, இந்த மூணுக்கும் மார்க் போடுவாங்க. பெரிய பெரிய கறித்துண்டு பத்து மணி நேரத்துக்கு மேலயும் வேகும். அதனால முதல் நாளே வந்து ராத்திரி பூரா நெருப்பைக் காத்துக் கெடப்பாங்க. அதுக்கு ஏத்த மாதிரிதான் அவங்க அடுப்பும் கனமா, சூடு எறங்காத மாதிரி இருக்கும்.

நம்ம கடை அப்படியா? 2024 டிசம்பர்ல சென்னை மெரினாவுல சுய உதவிக் குழுக்களோட உணவுத் திருவிழா நடந்துச்சே, அதுல பேர் வாங்கின பண்டங்களை நெனைச்சுப் பாருங்க. நாமக்கல் பள்ளிபாளையம் சிக்கன், மதுரை கறி தோசை, விருதுநகர் கரண்டி ஆம்லெட். எல்லாமே ஆள் நிக்கும்போதே ஆகிற பண்டம். வரிசையில நிக்கிறவங்க பிள்ளையைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. பத்து மணி நேரம் வேகிற கறி அங்க ஆகாது. யூடியூப்ல பார்க்கிற அந்தப் பெரிய அடுப்பு நல்ல அடுப்புதான், ஆனா அது வேற வேலைக்கு உள்ள அடுப்பு. நாம நம்ம வேலைக்கு உள்ள அடுப்பை வாங்கணும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு குழு, பேர் வேண்டாம், பளபளன்னு சக்கரம் வச்ச பெரிய அடுப்பு ஒண்ணைக் கடன் போட்டு வாங்கிச்சு. லோடு ஆட்டோவுல ஏத்த நாலு ஆம்பிளை ஆளு வேணும். ரெண்டு தடவைதான் வெளியில போச்சு. இப்ப அது ஒரு வீட்டுத் தாழ்வாரத்துல நிக்குது, அதுக்குள்ள கோழி அடைகாக்குது. தவணை மட்டும் மாசாமாசம் தவறாமப் போகுது. அந்தப் பெண்களை நான் குறை சொல்ல வரல. விக்கிறவங்க சொன்னதைக் கேட்டாங்க, தான் கேட்க வேண்டியதைக் கேட்கல, அவ்வளவுதான். அந்தக் கேள்விங்களைத்தான் இப்பச் சொல்லப் போறேன்.

முதல் கேள்வி: ஒரு ஈட்டுக்கு எத்தனை துண்டு?

அடுப்போட வெளி அளவைப் பார்க்காதீங்க, உள்ள இருக்கிற கம்பி வலையை அளந்து பாருங்க. எங்க அடுப்பு வலை 3 அடி நீளம், ஒண்ணரை அடி அகலம். அங்குலத்துல 36-க்கு 18, பெருக்கினா 648 சதுர அங்குலம். தொடையோட சேர்ந்த ஒரு கோழிக்கால் படுக்க, இடைவெளியும் சேர்த்து 6-க்கு 4, அதாவது 24 சதுர அங்குலம் வேணும். 648-ஐ 24-ஆல வகுத்தா 27. ஒரு ஈட்டுக்கு 27 துண்டுன்னு விக்கிறவங்க சொல்லுவாங்க. நேரா அனல்ல சுடுறதுக்கு அந்தக் கணக்கு சரி.

புகையில வேக வைக்கணும்னா கணக்கே வேற. கரியை ஒரு பக்கம் ஒதுக்கி வச்சு, கறியை அடுத்த பக்கம் வச்சு மூடணும். கறிக்குக் கீழே நெருப்பு இருந்தா கொழுப்பு சொட்டித் தீ எரியும், மேலே கருகும், உள்ளே வேகாது. அப்ப பாதி வலைதான் நமக்கு. 27 இல்ல, 13. முழு கால் துண்டு மூடி போட்டு வேக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். சாயங்காலம் 5 மணி நேரம் கடைன்னா 65 துண்டு. இதை முதல்லயே தெரிஞ்சுக்கிட்டா, 200 துண்டுக்கு மசாலா தடவி வச்சுட்டு ராத்திரி பத்து மணிக்கு முழிச்சுக்கிட்டு நிக்க வேண்டாம்.

நாங்க செய்யிறது இதுதான். கடை தொறக்கிறதுக்கு முன்னாலயே முதல் ஈட்டைப் புகையில ஏத்திடுவோம். முக்கால் பதம் வெந்ததும் நெருப்புப் பக்கம் மாத்தி, ஆள் கேட்கக் கேட்க பத்து நிமிஷம் சுட்டுக் குடுப்போம். ஒரே அடுப்புல ரெண்டு வேலையும் நடக்கும். அதனாலதான் டிரம்மை நிமித்தி வச்ச மாதிரி உயரமான அடுப்பை விட்டுட்டு, படுக்கை வசத்துல நீளமான பெட்டி அடுப்பா எடுத்தோம். உயர அடுப்பு எடத்தை அடைக்காது, கரியும் கம்மியாத்தான் பிடிக்கும். தொங்க விட்டு முழுக்கோழி போடுற குழுவுக்கு அதுவே நல்லது. துண்டு போட்டு விக்கிறவங்களுக்குப் பெட்டி அடுப்புதான் கை குடுக்கும்.

ரெண்டாவது கேள்வி: யார் தூக்குறது?

தகடு 1 மில்லிமீட்டர் கனம்னா ஒரு சதுர அடி ஏறக்குறைய முக்கால் கிலோ வரும். எங்க அளவுல ஒரு பெட்டியும் மூடியும் செய்ய 24 சதுர அடி தகடு வேணும். 1 மில்லிமீட்டர்னா 18 கிலோ, 2 மில்லிமீட்டர்னா 36 கிலோ, 3 மில்லிமீட்டர்னா 54 கிலோ. வலை, காலு எல்லாம் தனி.

1 மில்லிமீட்டர் தகடு தூக்க லேசு. ஆனா நாலு தடவை நெருப்பு பட்டா வளைஞ்சு போகும், மூடி சரியா உக்காராது, காத்து அடிச்சா சூடு நிக்காது. நம்ம ஊர் ஆடி மாசக் காத்து தெரியும்ல. 3 மில்லிமீட்டர் பல வருஷம் நிக்கும், ஆனா யார் முதுகு தாங்கும்? நாங்க உடம்புக்கு 2 மில்லிமீட்டர் போட்டோம், கரி கெடக்கிற தட்டுக்கு மட்டும் 3 மில்லிமீட்டர். மூடி தனியா கழலணும், காலு மடங்கணும் அல்லது கழலணும், ரெண்டு பக்கமும் மரக் கைப்பிடி வேணும்னு பட்டறையில சொன்னோம். ரெண்டு பொம்பளை ஆளு தூக்கி வண்டியில வைக்கிற மாதிரி இருக்கணும், அதுதான் எங்க அளவுகோல். எடையை வாய்வார்த்தையா கேட்காதீங்க. நேர்ல போயி, குழுவுல வயசுல மூத்த ஒருத்தரையும் கூட்டிட்டுப் போயி, தூக்கிப் பாருங்க.

சக்கரம் வச்சா நல்லதுதானேன்னு கேட்பீங்க. சிமெண்டுத் தரையில உருளும். புழுதியிலயும் மணல்லயும் பொதையும். கோயில் திருவிழாவுல நமக்கு எங்க சிமெண்டுத் தரை கெடைக்குது?

மூணாவது கேள்வி: இது என்ன தகடு, முன்னால எதுக்கு இருந்துச்சு?

இதை எல்லாரும் கொஞ்சம் கவனமாக் கேளுங்க, உசிரு சம்பந்தப்பட்டது. தண்ணித் தொட்டிக்கும் கூரைக்கும் போடுற வெள்ளித் தகடு இருக்கே, கால்வனைஸ் தகடு, அதுல துத்தநாகம் பூசியிருக்கும். நெருப்புல காய்ஞ்சா அந்தப் பூச்சு ஆவியாகும். அந்த ஆவியைச் சுவாசிச்சா அன்னைக்கு ராத்திரி குளிர் நடுக்கம், காய்ச்சல், நெஞ்சு எரிச்சல் வரும். விலை கம்மின்னு அடுப்போ வலையோ அதுல செய்யாதீங்க. வலைக்கு எவர்சில்வர் கம்பி போடுங்க. அடுப்பு உடம்புக்குப் பூச்சு இல்லாத சாதா இரும்புத் தகடு போதும்.

பழைய 200 லிட்டர் டிரம்மைப் பாதியா வெட்டி அடுப்பு செய்யிறது எல்லா ஊர்லயும் உண்டு. நல்ல வழிதான். ஆனா அந்த டிரம்ல முன்னால என்ன இருந்துச்சுன்னு கேளுங்க. சமையல் எண்ணெய் வந்த டிரம்னா சரி. தார், பெயிண்ட், பூச்சிமருந்து, ரசாயனம் வந்த டிரம்னா வேண்டவே வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். உள்ளே ஏதாச்சும் பூச்சு இருந்தா அது முழுசா போற வரைக்கும் எரிச்சு, தேய்ச்சு எடுக்கணும். மூடின டிரம்மை வெட்டும்போது உள்ளே இருக்கிற ஆவி வெடிக்கவும் செய்யும், அதனால வீட்டுல வச்சு வெட்டாதீங்க, பட்டறைக்காரங்க வெட்டட்டும்.

உள்ளே பெயிண்ட் அடிக்கக் கூடாது. வெளியே அடிக்கணும்னா வண்டி சைலன்சருக்கு அடிக்கிற சூடு தாங்குற பெயிண்ட் கேளுங்க. புது அடுப்பு வந்ததும் கறி போடாம, உள்ளே சமையல் எண்ணெய் தடவி ரெண்டு மணி நேரம் நல்லாக் காய வச்சு எடுங்க. தோசைக்கல்லைப் பழக்குறோம்ல, அதே மாதிரிதான்.

நாலாவது கேள்வி: காத்து எங்க நுழையும், எங்க வெளிய போகும்?

புகை அடுப்புக்கு ரெண்டு துவாரம் உசிரு. கீழே ஒண்ணு, கரிப் பக்கம். மேலே ஒண்ணு, கறிப் பக்கம் மூடியில. கீழ வழியா காத்து போயி, கரியைத் தொட்டு, கறி மேல தவழ்ந்து, மேல் வழியா வெளிய போகணும். ரெண்டு துவாரத்துக்கும் தள்ளி மூடுற தகடு இருக்கணும். சூடு கூடினா கீழ்த் துவாரத்தைக் குறைக்கணும். மேல் துவாரத்தை முழுசா அடைக்காதீங்க. புகை உள்ளேயே தேங்கினா கறி கசக்கும், கரி பூசின மாதிரி இருக்கும். மெல்லிசா, நீலம் பாய்ஞ்ச மாதிரி புகை வந்தா அது நல்ல புகை. கெட்டியா வெள்ளையா வந்தா நெருப்பு மூச்சுத் திணறுதுன்னு அர்த்தம்.

மூடி மேல வட்டமா ஒரு மீட்டர் வச்சிருப்பாங்க. அது மூடிக்குப் பக்கத்துல உள்ள காத்தோட சூட்டைத்தான் காட்டும், கறிக்கு உள்ளே உள்ள சூட்டைக் காட்டாது. குத்திப் பார்க்கிற வெப்பமானி தனியா ஒண்ணு வாங்குங்க. கோழிக்கறி, எலும்பைத் தொடாம, கெட்டியான எடத்துல குத்தினா 74 டிகிரி செல்சியஸ் காட்டணும். அப்பதான் வெந்ததா அர்த்தம். புகையில வெந்த கறி, வெந்த பிறகும் எலும்போரம் செவப்பாத் தெரியும். வேகாத கறியும் சில சமயம் வெந்த மாதிரி வெள்ளையாத் தெரியும். நிறத்தை நம்ப முடியாது, மீட்டரை நம்பலாம். நம்ம கடையில தின்னுட்டு ஒரு பிள்ளைக்கு வயித்தால போச்சுன்னா, இருவது வருஷம் சேர்த்த பேரு ஒரு நாள்ல போயிடும்.

அதே மாதிரி பச்சைக்கறி ஐஸ் பெட்டியிலதான் இருக்கணும். பச்சைக்கறி எடுத்த இடுக்கி வேற, வெந்த கறி எடுக்கிற இடுக்கி வேற. உணவுப் பாதுகாப்புப் பதிவும் எடுத்துக்கோங்க. சின்னக் கடைக்கு அதுக்குக் கட்டணம் கம்மிதான்.

அஞ்சாவது கேள்வி: எரிக்கிறது என்ன?

கறிக்கு முன்னால கரியைப் பாருங்கன்னு எங்க குழுவுல ஒரு அக்கா சொல்லுவாங்க. சீமைக்கருவேலங்கரி நமக்குச் சுலபமாக் கெடைக்கும், இஸ்திரிக் கடைக்குப் போற அதே கரிதான். சூடு நின்னு எரியும். தேங்காய்த் தொட்டிக் கரியும் நல்லது. மணத்துக்கு மா, கொய்யா, புளி, இதுல ஏதாச்சும் காய்ஞ்ச கட்டை ரெண்டு துண்டு மேல போட்டாப் போதும்.

போடக் கூடாதது எதுன்னு சொல்றேன். அரியலூர்ப் பக்கம், செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டத்துச் சகோதரிங்க இதைக் கேளுங்க. முந்திரிக்கொட்டை ஓடு நல்லா எரியும், சும்மாவும் கெடைக்கும். ஆனா ஓட்டுல இருக்கிற எண்ணெய் தோலைப் பொத்துப் போக வைக்கும்னு நமக்கே தெரியும், உடைக்கிறவங்க கையைப் பார்த்தாத் தெரியும். அந்தப் புகை கண்ணுக்கும் ஆகாது, கறியில படவும் கூடாது. நெய்வேலிப் பக்கத்து நிலக்கரியும் கறிக்கு ஆகாது, கந்தக நெடி ஏறும். பெயிண்ட் அடிச்ச பலகை, பிளைவுட், பழைய ஜன்னல் கட்டை கூடாது. அரளிக் குச்சியை விறகாவும் போடாதீங்க, கறி கோர்க்கவும் எடுக்காதீங்க, அது விஷம். மண்ணெண்ணெய் ஊத்திக் கரியைப் பத்த வைக்காதீங்க, நெடி கறியில நிக்கும். பழைய எண்ணெய் டின்னை அடியில ஓட்டை போட்டு, கீழே காய்ஞ்ச தேங்காய் மட்டை வச்சு, மேலே கரி போட்டுப் பத்த வச்சா கால் மணி நேரத்துல கரி தணலாயிடும்.

கேஸ் அடுப்பு வச்சுச் சுடலாமான்னு கேட்கிறவங்களுக்கு: சுடலாம், சுலபம்தான், புகை மணம் வராது. ஆனா கடைக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வைக்கணும். வீட்டு சிலிண்டரை எடுத்துட்டுப் போறது சட்டப்படி தப்பு.

அடுப்பை எங்க வைக்கிறதுன்னும் யோசிங்க. நாலு பக்கமும் மூடின ஸ்டாலுக்குள்ள கரி எரிச்சா, கண்ணுக்குத் தெரியாத, மணமும் இல்லாத ஒரு வாயு வரும், கார்பன் மோனாக்சைடு. மயக்கம் வரும், ஆளையே கொன்னுடும். அதனால திறந்த எடத்துல, பந்தல் துணிக்கு ஒதுங்கி, காத்து நம்ம முகத்துக்கு அடிக்காத பக்கமா வைக்கணும். ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணி பக்கத்துல இருக்கணும். சில கண்காட்சியில திறந்த நெருப்புக்கே அனுமதி இல்ல. கடை எடம் கேட்கும்போதே அதையும் கேட்டுடுங்க. நெருப்புக்கிட்ட ஒருத்தரே நாள் பூரா நிக்காம மணிக்கு ஒருத்தரா மாறுங்க. பருத்திப் புடவை கட்டுங்க, முந்தானையைச் செருகிக்கோங்க.

ஆறாவது கேள்வி: எத்தனை நாள்ல காசு திரும்பும்?

இதுதான் பெரிய கேள்வி. ஒரு கணக்குக்கு வச்சுக்குவோம். பட்டறையில செய்யிற அடுப்பு 18,000 ரூபாய், கடையில வாங்குற பெரிய அடுப்பு 40,000 ரூபாய். புத்தகத் திருவிழா, கண்காட்சி, கோயில் திருவிழா எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு நமக்கு 12 நாள் கடை கெடைக்குதுன்னு வைங்க. ஒரு வருஷத்துல அடுப்புக்காசு திரும்பணும்னா சின்ன அடுப்புக்கு ஒரு நாளைக்கு 1,500 ரூபாய், பெரிய அடுப்புக்கு ஒரு நாளைக்கு 3,333 ரூபாய். துண்டுக்கு எல்லாச் செலவும் போக 25 ரூபாய் நிக்குதுன்னா, சின்ன அடுப்புக்கு 60 துண்டு, பெரிய அடுப்புக்கு 133 துண்டு, அடுப்புக்கடனுக்கு மட்டுமே விக்கணும். அதுக்கு மேல விக்கிறதுதான் நமக்குக் கூலி.

முன்னால போட்ட கணக்கை ஞாபகப்படுத்திக்கோங்க. புகையில மட்டும் வச்சா 5 மணி நேரத்துக்கு 65 துண்டு. சின்ன அடுப்புக்கே 60 போச்சுன்னா கையில நிக்கிறது அஞ்சு துண்டு லாபம். அதனாலதான் நாங்க பாதி சுட்டு, பாதி புகை போட்டு எண்ணிக்கையைக் கூட்டினோம், அதனாலதான் அடுப்புக்காசை ரெண்டு வருஷத்துல எடுக்கலாம்னு தீர்மானம் எழுதினோம்.

40,000 கடனை நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டியில 20 மாசத்துக்கு எடுத்தா முதல் மாசம் அசல் 2,000, வட்டி 400, மொத்தம் 2,400 கட்டணும். திருவிழா இல்லாத புரட்டாசி மாசத்துலயும் கட்டணும். அந்த மாசம் பாதி பேரு கறியே தின்ன மாட்டாங்க. ஒருத்தங்க கட்டலைன்னா மத்தவங்க தலையில விழும். எங்க குழுவுல வீட்டுக்காரர் இல்லாம, ஊரக வேலைத் திட்டத்தை மட்டும் நம்பிப் பிள்ளை வளர்க்கிற உறுப்பினர் இருக்காங்க. அவங்க கையெழுத்தும் அந்தக் கடன்ல இருக்கு. அடுப்பு பளபளன்னு இருக்குங்கிறதுக்காக அவங்க கையெழுத்தைக் கேட்க எங்களுக்கு மனசு வரல.

வாங்குறதுக்கு முன்னால பார்க்க ஒரு வழியும் உண்டு. பாத்திர வாடகைக் கடையில சாதா கரி அடுப்பு எடுத்து ரெண்டு கடை போட்டுப் பார்த்தோம். புகை மணத்தை ஜனங்க விரும்புறாங்களான்னு தெரியணும்ல? வெந்த கறியைப் பெரிய பாத்திரத்துல வச்சு, நடுவுல சின்னக் கிண்ணத்துல ஒரு தணல் துண்டு, அது மேல ஒரு கரண்டி நெய் ஊத்தி அஞ்சு நிமிஷம் மூடி வச்சோம். புகை மணம் ஏறிடுச்சு. சாதா கறியையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வித்தோம். எது முதல்ல தீர்ந்துச்சுன்னு ரெண்டு நாளும் நோட்டுல எழுதினோம். புகைக்கறிதான் ரெண்டு நாளும் முதல்ல தீர்ந்துச்சு. அதுக்கு அப்புறம்தான் பட்டறைக்குப் போனோம். உங்க ஊர்ல வேற மாதிரி ஆகலாம். அப்படி ஆனா அடுப்புக்காசு மிச்சம், அதுவும் லாபம்தான்.

பட்டறையில செய்யச் சொன்னா வாயால சொல்லாதீங்க. ஒரு தாள்ல நீளம், அகலம், தகட்டுக் கனம், துவாரம் எத்தனை, காலு கழலணுமா, என்னைக்குத் தருவாங்க, எவ்வளவு முன்பணம், எல்லாம் எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்க. உள்ளூர்ல செய்யிறதுல ஒரு சௌகரியம், காலு உடைஞ்சா அன்னைக்கே ஒட்டிக்கலாம். தூரத்துல வாங்கினா ஒரு திருகுக்கு ஒரு வாரம் காத்திருக்கணும்.

ஒரு கோரிக்கை

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. வருஷத்துல 12 நாள் ஓடுற அடுப்பு மிச்சம் 353 நாள் சும்மா நிக்குது. ஊருக்கு ஒரு குழு தனித்தனியா கடன் போட்டு வாங்கினா அத்தனை அடுப்பும் சும்மாத்தான் நிக்கும். கூட்டமைப்பே ரெண்டு மூணு அடுப்பு வாங்கி, குழுக்களுக்கு வாடகைக்கு விட்டா என்ன? நாளைக்கு 300 ரூபாய் வாடகைன்னா 18,000 ரூபாய் அடுப்பு 60 வாடகையில காசு திரும்பிடும். கடை போட நெனைக்கிற புதுக் குழுவுக்குக் கடனே வேண்டாம், 300 ரூபாயில பழகிப் பார்க்கலாம். யார் எடுத்தாலும் சாம்பல் கொட்டி, வலை தேய்ச்சு, எண்ணெய் தடவித் திருப்பித் தரணும். உடைஞ்சா உடைச்ச குழு சரி பண்ணணும். எடுத்த தேதி, குடுத்த தேதி எழுத ஒரு நோட்டு. இவ்வளவுதான் விதி.

எங்க அடுப்பையும் அதுல சேர்க்கலாம்னு எங்க குழுக் கூட்டத்துல பேசித் தீர்மானம் போட்டுட்டோம், நகல் செயலாளர் அக்காகிட்ட குடுத்திருக்கேன். அடுத்த மாசக் கூட்டத்துல இதைப் பொருளா எடுத்துக்கணும்னு கேட்டுக்கிறேன். அடுப்பைத் தூக்கிப் பார்க்கணும்னு நெனைக்கிறவங்க, வெளியே வேப்பமரத்துக்கிட்ட கொண்டாந்து வச்சிருக்கோம், சாப்பாட்டுக்கு அப்புறம் வந்து பாருங்க. ரெண்டு பேரா வாங்க.